கம்ப்ரஸரும் தொழிலாளியின் உயிரும்

“தொழிலாளியின் கவனக்குறைவு” – முதலாளிகளுக்கு இந்த இரண்டு வார்த்தைகள் கைகொடுத்ததுபோல் வேறு எந்த வார்த்தையும் கைகொடுத்ததில்லை. காற்றடிக்கும்போது டயர் வெடித்து ஆள் செத்தாலும் கவனக்குறைவு. கிரைண்டர் வீல் உடைந்து கண் போனாலும் கவனக்குறைவு. துருப்பிடித்த டாங்கி பிளந்து கொட்டகைக் கூரையே பறந்தாலும் கவனக்குறைவு. செத்தவன் திரும்பி வந்து பதில் சொல்லப் போவதில்லை. பிழைத்தவன் வேலை போய்விடுமே என்று வாய் திறப்பதில்லை. கேஸ் மூடப்படுகிறது, பட்டறை மறுநாள் திறக்கப்படுகிறது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் நமது வடசென்னைத் தொழிற்பிரதேசத்தில், இந்தக் கவனக்குறைவு யாருடையது என்ற கேள்வியை ஒரே ஒரு கருவியை வைத்துப் பரிசீலிக்க விரும்புகிறோம். அந்தக் கருவி கம்ப்ரஸர். அதன் கூடவே கிரைண்டர், டிரில், சிப்பிங் சுத்தி முதலிய கைமிஷின்களையும் சேர்த்துக்கொள்வோம்.

பெரிய ஆலைகளில் மட்டும் உள்ள கருவி அல்ல இது. காசிமேட்டில் படகு பழுது பார்க்கும் இடத்தில் இருக்கிறது. ராயபுரம், தண்டையார்பேட்டைச் சந்துகளில் லேத் பட்டறைகளில் இருக்கிறது. மணலி, திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுகளில் பெட்டிகளை ஒட்டுப்போட்டுப் பெயின்ட் அடிக்கும் இடத்தில் இருக்கிறது. துறைமுகத்துக்குள் நுழைய இரவும் பகலும் வரிசையில் நிற்கும் லாரிகளை நம்பிப் பிழைக்கும் பஞ்சர் கடை ஒவ்வொன்றிலும் இருக்கிறது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு மோட்டார், ஒரு டாங்கி, இரண்டு பையன்கள் – இதுதான் அந்தத் தொழிற்சாலை. எந்தப் பதிவேட்டிலும் அதன் பெயர் இல்லை.

“காற்றுதானே!”

காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. சுடுவதில்லை, மணப்பதில்லை. ஆகவே “காற்றுதானே!” என்ற எண்ணம் தொழிலாளியிடமும் இருக்கிறது. இந்த எண்ணத்தை முதலில் தகர்த்தாக வேண்டும்.

பட்டறையில் சாதாரணமாக உள்ள 200 லிட்டர் டாங்கியை எடுத்துக்கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 115 பவுண்டு அளவுக்குக் காற்று நிரப்பியிருக்கிறது. அந்த டாங்கிக்குள் அடைபட்டிருக்கும் சக்தி எவ்வளவு? ஒரு டன் எடையை 20 மீட்டர் உயரத்துக்கு, அதாவது ஆறு மாடி உயரத்துக்குத் தூக்கிவிடும் சக்தி! டாங்கி பிளந்தால் இத்தனையும் கண்மூடித் திறப்பதற்குள் வெளிப்படும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடிக்கும் பையனுக்கு இதை எவராவது சொல்லியிருக்கிறார்களா?

குழாய் முனையில் வரும் காற்றும் இதற்குக் குறைந்த எமன் அல்ல. தோலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், காற்று உள்ளே புகுந்துவிடும். இரத்தக் குழாயில் காற்றுக் குமிழி சேர்ந்தால் உயிரே போகலாம். கண்ணில் பட்டால் விழி கிழியும். காதில் பட்டால் சவ்வு கிழியும். உடம்பின் துவாரங்களில் செலுத்தினால் குடல் வெடிக்கும். 2024 மார்ச்சில் பெங்களூரில் ஒரு வாகன சர்வீஸ் கடையில் “விளையாட்டாக” நடந்த இப்படிப்பட்ட காரியத்தால் ஓர் இளைஞர் உயிரிழந்தார். விளையாடியவர் நண்பரே. இது என்ன கருவி என்பது தெரிந்திருந்தால் அந்த விளையாட்டு நடந்திருக்குமா?

நமது பட்டறைகளில் தினமும் மாலையில் நடப்பது என்ன? வேலை முடிந்ததும் சட்டையில் படிந்த இரும்புத் தூளைப் போக்க, ஒருவர் மேல் ஒருவர் காற்றடித்துக்கொள்கிறார்கள். தலைமுடியிலும் அடிக்கிறார்கள். தூள் கண்ணுக்குள்ளும் மூச்சுக்குள்ளும் போகிறது. சாமான்களைச் சுத்தம் செய்வதற்குக்கூடக் காற்றின் அழுத்தம் 30 பவுண்டுக்குக் கீழே இருக்க வேண்டும், தெறிக்கும் தூளுக்குத் தடுப்பு இருக்க வேண்டும், கண்ணாடி அணிய வேண்டும் என்பது அமெரிக்காவில் உள்ள விதி. இங்கே நூறு பவுண்டுக் காற்றை உடம்பிலேயே அடிக்கிறார்கள். குளிக்கத் தண்ணீரும், உடை மாற்ற ஓர் அறையும், ஒரு பிரஷ்ஷும் கொடுத்திருந்தால் எந்தத் தொழிலாளி காற்றில் குளிப்பான்?

டாங்கியின் அடிவயிறு

கடலோரத்தில் கம்ப்ரஸர் ஓட்டுவதில் தனி அபாயம் ஒன்று உண்டு. நமது பிரதேசத்துக் காற்றில் ஈரம் மிகுதி. ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேலேயே நீர் கலந்திருக்கும் நாட்கள் ஏராளம். காற்றை இறுக்கிக் குளிரவிட்டால் அந்த நீர் பிரிந்து டாங்கியின் அடியில் தேங்குகிறது. நாள் முழுவதும் ஓடும் சாதாரணக் கம்ப்ரஸரில் ஒரு லிட்டருக்கு மேல்கூடச் சேரும். அந்த நீர் அடித்தகட்டை உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பார்த்தால் பச்சைப் பெயின்ட் பளபளக்கும்; உள்ளே தகடு காகிதமாகிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து மலிவானது. டாங்கியின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. தினமும் வேலை முடிந்ததும் அதைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். ஆனால் எத்தனை டாங்கிகளில் அந்தத் திருகு துருப்பிடித்து இறுகிப்போய்க் கிடக்கிறது! எத்தனை டாங்கிகளைத் தரையோடு தரையாக, கை நுழைய இடமில்லாமல் வைத்திருக்கிறார்கள்!

அடுத்தது சேப்டி வால்வு. அளவு மீறிக் காற்று ஏறினால் தானே திறந்து வெளியேற்றும் கருவி இது. மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஸ்விட்ச் கெட்டுப்போனால், தொழிலாளிக்கும் சாவுக்கும் நடுவே நிற்பது இந்த ஒரு வால்வுதான். அது கொஞ்சம் கசிந்தால் என்ன செய்கிறார்கள்? புது வால்வு வாங்குவதில்லை. திருகி இறுக்குகிறார்கள், கட்டை அடிக்கிறார்கள், பிளக் போட்டு அடைத்தும் விடுகிறார்கள். “காற்று வீணாகிறது” என்பது சமாதானம். காற்று வீணாகக் கூடாது, ஆள் வீணாகலாம்!

பிரஷர் கேஜின் கதையும் இதுவே. கண்ணாடி உடைந்து முள் ஒரே இடத்தில் நின்ற கேஜைப் பார்த்துக்கொண்டு, டாங்கியைத் தட்டி ஓசை கேட்டுக் காற்றின் அளவைச் சொல்லும் மேஸ்திரிகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தை மதிக்கிறோம். ஆனால் அனுபவசாலியின் காதால் அரித்த தகட்டின் கனத்தை அளக்க முடியாது.

டாங்கியின் பலத்தைச் சோதிக்கும் முறை உலகமறிந்தது. தண்ணீர் நிரப்பி, வழக்கமான அளவைக் காட்டிலும் கூடுதல் அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது. ஏன் தண்ணீர்? தண்ணீர் காற்றைப்போல் இறுகுவதில்லை. ஆகவே டாங்கி விட்டுக்கொடுத்தாலும் கசியுமே தவிர, வெடிகுண்டாகாது. காற்றை நிரப்பியே சோதித்துப் பார்ப்பதும், காற்று இருக்கும்போதே ஓட்டைக்கு வெல்டிங் வைப்பதும் தற்கொலைக்குச் சமம். பழைய டாங்கிக்கு ஒட்டுப்போட்டு ஓட்டுவதே தவறு. அதைக் காயலான் கடைக்கு அனுப்புவதே நியாயம்.

லாரி டயர் என்னும் கண்ணிவெடி

நமது சாலைகளில் கன்டெய்னர் லாரிக்கு முடிவில்லை. அவற்றின் டயர்களில் 100 முதல் 120 பவுண்டு வரை காற்று நிரப்புகிறார்கள். டியூப் போட்ட பழைய மாதிரிச் சக்கரங்களில் ரிம் ஒரே துண்டாக இருக்காது. டயரைப் பிடித்து நிறுத்த ஓரத்தில் தனி இரும்பு ரிங் இருக்கும். காற்று ஏற ஏற அந்த ரிங்கின் மீது பல டன் விசை அழுத்துகிறது. ரிங் வளைந்திருந்தாலும், துரு ஏறியிருந்தாலும், குழியில் சரியாக உட்காராவிட்டாலும், அது பீரங்கிக் குண்டுபோல் பறந்து வரும். அந்த நேரத்தில் அதன் எதிரே யார் இருக்கிறார்? ஒரு கையில் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ரிங்கைச் சுத்தியால் தட்டிக்கொண்டு, டயர் மேலேயே குனிந்து நிற்கும் பஞ்சர் கடைத் தொழிலாளி!

ரிங் இல்லாத டயரிலும் அபாயம் உண்டு. காற்றுக் குறைந்த நிலையில் அதிக பாரத்துடன் ஓடிய டயரின் பக்கச் சுவரில் உள்ள இரும்பு நூல்கள் மடங்கி மடங்கி அறுந்திருக்கும். வெளியே தெரியாது. மறுபடி காற்றடிக்கும்போது பக்கச் சுவர் ஒரேயடியாகக் கிழியும்.

இதற்குத் தடுப்பு இல்லையா? இருக்கிறது. உருட்டுக் கம்பியால் செய்த கூண்டு ஒன்று. டயரை அதற்குள் வைத்து, குழாய் முனையை வால்வில் கவ்வவிட்டு, நீள ஹோஸின் மறுமுனையில் கேஜுடன் ஒதுங்கி நின்று காற்றடிக்க வேண்டும். ரிங் பறந்தால் கூண்டு தாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 1980-ம் வருஷமே இதைக் கட்டாய விதியாக்கிவிட்டார்கள். கூண்டு செய்ய அந்நியச் செலாவணி தேவையில்லை. வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. நமது சந்தில் உள்ள வெல்டர் ஒரு நாளில் செய்துவிடுவார். ஆனால் துறைமுகச் சாலையில் எத்தனை கடைகளில் கூண்டைப் பார்க்க முடிகிறது?

கையில் பிடித்த சக்கரம்

நாலு அங்குலக் கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எந்த வீல் எவ்வளவு வேகம் தாங்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். 7 அங்குல வீலில் 8,500 சுற்று என்றிருக்கும். ஆனால் மிச்சம் பிடிக்க வேண்டுமென்று, கவசத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய வீலைச் சின்ன மிஷினில் மாட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்போது விளிம்பு வேகம் மணிக்கு 370 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. வீல் உடையாமல் இருந்தால்தான் அதிசயம். இன்னும் சிலர் மரம் அறுக்கும் பல் பிளேடையே கிரைண்டரில் மாட்டுகிறார்கள். அது கையை விட்டுத் துள்ளினால் கழுத்தில்தான் நிற்கும்.

மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது. மூன்று பின் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, ஒயர் நுனியைச் சீவி, தீக்குச்சி வைத்து சாக்கெட்டில் செருகுவதை நாம் எங்கும் பார்க்கிறோம். எர்த் ஒயர் காற்றில் தொங்குகிறது. கீழே படகுத்தளத்து உப்புத் தண்ணீர். மேலே வேர்வையில் நனைந்த உடம்பு. கசிவு ஏற்பட்டவுடன் கரன்டைத் துண்டிக்கும் சிறு கருவி ஒன்று போர்டில் இருந்தால் ஆள் பிழைப்பான். டாங்கி, தொட்டி போன்ற அடைத்த இடத்துக்குள் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கோ மின் கருவியோ கொண்டுபோகக் கூடாது என்பது தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த விதி. சட்டப் புத்தகத்தில் இருந்தது. தொட்டிக்குள் இருந்தது 230 வோல்ட்!

மெதுவாகக் கொல்லும் விபத்து

வெடித்தால் ஊருக்குத் தெரியும். வெடிக்காமல் கொல்வது யாருக்கும் தெரிவதில்லை.

கோலார் தங்கவயலை நாம் மறக்க முடியாது. வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள், அழுத்தக் காற்றால் ஓடும் துளைக்கருவியைத் தோளில் தாங்கிப் பூமிக்கடியில் பாறையைத் துளைத்தார்கள். தங்கம் சீமைக்குப் போயிற்று. பாறைத்தூள் தொழிலாளியின் நுரையீரலுக்குப் போயிற்று. 1940-களில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் காணப்பட்டது. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. நோய் மூடப்படவில்லை. இன்று நமது பிரதேசத்தில் வார்ப்படங்களையும் கன்டெய்னர்களையும் மணலை ஊதிச் சுத்தம் செய்யும் இடங்களில் அதே அபாயம் நிற்கிறது. வார்ப்படங்களுக்கு மணல் ஊதுவதைப் பிரிட்டன் 1949-லேயே தடை செய்தது. மணலுக்குப் பதில் இரும்புக் குருணையை உபயோகிக்கலாம். தூளைத் தண்ணீரால் அடக்கலாம். முகத்தில் கட்டிய கைக்குட்டை சிலிக்காத் தூளைத் தடுக்காது.

அதிர்வும் ஒரு நோய். 1918-ல் அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில், காற்றுச் சுத்தியால் கல் செதுக்கும் தொழிலாளர்களை ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் டாக்டர் பரிசோதித்தார். குளிர் காலையில் அவர்களுடைய விரல்கள் வெளுத்து மரத்துச் செத்த விரல்போல் ஆவதைக் கண்டு எழுதினார். காரணம் அந்தக் கருவியே என்றார். பிரிட்டன் 1985-ல் இதை நஷ்டஈட்டுக்குரிய தொழில் நோயாக ஏற்றது. நமது வெப்ப பூமியில் விரல் வெளுப்பது அதிகம் தெரிவதில்லை. ஆகவே நோய் இல்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் மரப்பு இருக்கிறது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, டம்ளர் கைநழுவுகிறது, இரவில் கை எரிகிறது என்று சொல்லும் சிப்பிங், கிரைண்டிங் தொழிலாளியைக் கேளுங்கள். வயதாகிவிட்டது என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார். வயது காரணமல்ல, மிஷின் காரணம்.

காதும் அப்படியே. காற்றுச் சுத்தியின் ஓசை 100 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 90 என்பதே நமது விதிகளில் இருந்த எல்லை. வீட்டில் குழந்தை கூப்பிடுவது கேட்கவில்லை என்று தெரியும்போது, காது திரும்பி வராது.

ஆள் கணக்குப் பார்க்கும் சட்டம்

இப்போது பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு வருவோம்.

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் மில் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிற்சங்கம் தோன்றிய நாளிலிருந்து, தொழிலாளி வர்க்கம் இரத்தம் சிந்திப் பெற்ற உரிமைகளில் ஒன்று அது. அதன் 31-வது பிரிவு, அழுத்தத்தில் ஓடும் எந்தச் சாதனமும் பத்திரமான அளவைத் தாண்டாதபடி முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. அதன் கீழ் வந்த விதிகள், அழுத்த டாங்கியை 6 மாதத்துக்கு ஒரு முறை வெளியிலும், 12 மாதத்துக்கு ஒரு முறை உள்ளேயும் தகுதி பெற்றவர் பரிசோதிக்க வேண்டும் என்றன. போபால் படுகொலைக்குப் பிறகு 1987-ல் வந்த திருத்தம், அபாயத்தைப் பற்றி அறியும் உரிமையைத் தொழிலாளிக்கு அளித்தது.

ஆனால் மின்சக்தி உபயோகிக்கும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. பத்துக்குக் குறைந்த இடத்துக்கும் சட்டத்தை விஸ்தரிக்க 85-வது பிரிவு மாநில சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. அந்த அதிகாரத்தின் பலன் நமது பஞ்சர் கடைகளை எட்டவில்லை.

2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தைப் புதிய பாதுகாப்புத் தொகுப்பு பிடித்துக்கொண்டது. அதன்படி மின்சக்தி உள்ள இடத்தில் 20 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை. 10 பேர் இல்லாத இடம் பொதுவாகத் தொகுப்புக்கே வெளியே. இன்ஸ்பெக்டருக்கும் பெயர் மாறிவிட்டது; அவர் இனி “உதவியாளரும்” ஆவார். யாருக்கு உதவி?

காற்றுக்கு ஆள் கணக்குத் தெரியாது. 19 பேர் உள்ள பட்டறையில் டாங்கி மெதுவாக வெடிக்குமா? இரண்டு பையன்கள் மட்டும் உள்ள கொட்டகையில் ரிங் பறக்காமல் பொறுத்துக்கொள்ளுமா? அபாயம் கருவியில் இருக்கிறது. சட்டமோ தலையை எண்ணிக்கொண்டிருக்கிறது. கண்டிராக்டர்கள் ஆட்களைப் பிரித்துப் பிரித்துக் காட்டி எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள இது நல்ல வழி.

இந்தத் தொகுப்பிலேயே ஒரு கதவு இருக்கிறது. அபாயமான, உயிருக்கு ஆபத்தான வேலை என்று மத்திய சர்க்கார் அறிவித்தால், ஆள் எண்ணிக்கை பாராமல் சட்டம் செல்லும். லாரி டயருக்குக் காற்றடிப்பதும், அழுத்த டாங்கி ஓட்டுவதும், மணல் ஊதுவதும் உயிருக்கு ஆபத்தான வேலைகள் அல்லவென்றால் வேறு எது? அறிவிக்கட்டும்.

சிறு கடைக்காரர் நமது எதிரியா?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். “பஞ்சர் கடைக்காரரும் கடன் வாங்கி நடத்துகிறவர்; அவரும் பையனோடு சேர்ந்து குனிகிறார்; அவர் மீது சட்டத்தைப் பாய்ச்சினால் கடையை மூடிவிட்டுப் போவார்; இருவர் பிழைப்பும் போகும்” என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. அவர் எந்த முதலாளிகளின் லாபத்துக்காக உழைக்கிறார் என்று பார்க்க வேண்டும். கன்டெய்னர் நேரத்துக்குக் கப்பல் ஏற வேண்டும். அதற்காக லாரி நிற்காமல் ஓட வேண்டும். அதற்காக நள்ளிரவிலும் டயர் மாற வேண்டும். அந்த வேகத்தின் லாபம் கப்பல் கம்பெனிக்கும், பெரிய போக்குவரத்துக் கம்பெனிக்கும், சரக்கு முதலாளிக்கும் போகிறது. அபாயம் மட்டும் சாலையோரக் கொட்டகையில் இறக்கிவைக்கப்படுகிறது.

ஆகவே கூண்டும், நல்ல வால்வும், டாங்கிச் சோதனையும் சிறு கடைக்காரர் தலையில் மட்டும் விழும் செலவாக இருக்கக் கூடாது. துறைமுக நிர்வாகங்களும் பெரிய கம்பெனிகளும் அதை ஏற்க வேண்டும். தங்கள் லாரிக்கும் கன்டெய்னருக்கும் வேலை நடக்கும் இடம் பத்திரமானதா என்று பார்ப்பது அவர்கள் கடமை. “அவன் எங்கள் ஆள் அல்ல, கண்டிராக்டர் ஆள்” என்ற பதிலை இனியும் ஏற்பதற்கில்லை. 2025 செப்டம்பர் 30-ல் எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சட்டம் சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். அஸ்ஸாமிலிருந்து பிழைக்க வந்தவர்களே மிகுதி. கருவி வேறு, வேலை வேறு. ஆனால் கண்டிராக்ட் படிக்கட்டில் அபாயம் கீழே இறங்கிக் கடைசிப் படியில் நிற்பவன் தலையில் விழும் முறை ஒன்றே.

வேலை நேரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1923 மே 1-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை அந்த நாளின் கோரிக்கை. 2023 ஏப்ரல் 21-ல் தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்தன. சரியாக நூறு வருஷம் முடிந்த மே தினத்தன்று அது வாபஸ் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. பத்தாவது மணி நேரத்தில் கிரைண்டரைப் பிடித்திருக்கும் களைத்த கைக்கும் விபத்துக்கும் தூரம் அதிகமில்லை. எட்டு மணி நேரமும் ஒரு பாதுகாப்புக் கருவியே.

தொழிலாளி செய்ய வேண்டியது

சர்க்காரும் முதலாளியும் செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்க முடியாது. யூனியன் கிளைகள் இந்தச் சில விஷயங்களை வாயிற்கூட்டங்களில் சொல்ல வேண்டும்:

காற்றை எவர் உடம்பின் மீதும், தன் உடம்பின் மீதும் அடிக்காதீர். டாங்கித் தண்ணீரைத் தினமும் வடியுங்கள். சேப்டி வால்வின் வளையத்தை இழுத்து, அது திறந்து மூடுகிறதா என்று அடிக்கடி பாருங்கள். அடைத்த வால்வோடு மிஷினை ஓட்டாதீர். பெல்ட்டுக்குக் கவசம் இல்லாமல் ஸ்விட்ச் போடாதீர். ஹோஸைக் கழற்றுமுன் காற்றை அடைத்து, உள்ளே உள்ளதை வெளியேற்றுங்கள். இல்லையேல் ஹோஸ் சாட்டையாக அடிக்கும். லாரி டயரின் எதிரே நிற்காதீர்; காற்று இருக்கும்போது ரிங்கைத் தட்டாதீர். வீல் மாட்டுமுன் அதன் வேகத்தைப் படியுங்கள், விரிசல் பாருங்கள்; வீல் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். கண்ணாடி இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர். சுழலும் டிரில் அருகே தொளதொளத்த சட்டையும் துணிக் கையுறையும் வேண்டாம். அவை கையோடு சேர்த்து இழுக்கும். பட்டறைக் கம்ப்ரஸர் காற்றை மூச்சுக்காற்றாக எவருக்கும் கொடுக்காதீர். அதில் எண்ணெய்ப் புகையும் விஷ வாயுவும் கலந்திருக்கலாம்.

இந்தி பேசும் தோழர்களும் ஒடியா, அஸ்ஸாமி பேசும் தோழர்களும் நம்மோடு வேலை செய்கிறார்கள். தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகை அவர்களைக் காப்பாற்றாது. அவர்களுக்குச் சொல்வது நமது கடமை. சொல்லத் தெரியாவிட்டால் செய்து காட்டுவோம். குறைந்த கூலிக்கு வந்தவன் என்று அவனை ஒதுக்கினால், அவன் பிடித்த டாங்கி வெடிக்கும்போது நாமும் பக்கத்தில்தான் நிற்போம்.

தனி ஆளாக “இந்த மிஷினை ஓட்ட மாட்டேன்” என்று சொன்னால் வேலை போகும். பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் வால்வு வரும். உடனடி ஆபத்து என்று கண்டால் முதலாளிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கும் உரிமையைப் புதிய தொகுப்பும் தொழிலாளியிடமிருந்து பறிக்க முடியவில்லை. அந்த உரிமையை எழுத்தில், தேதி போட்டு, கூட்டாக உபயோகிக்க வேண்டும். விபத்துக்கு முன் எழுதிய ஒரு காகிதம், விபத்துக்குப் பின் எழுதும் “கவனக்குறைவு” அறிக்கையைக் கிழித்தெறியும்.

நமது கோரிக்கைகள்

1. லாரி டயருக்குக் காற்றடித்தல், அழுத்த டாங்கி ஓட்டுதல், மணல் ஊதுதல் ஆகியவற்றை உயிருக்கு ஆபத்தான வேலைகளாக மத்திய சர்க்கார் அறிவிக்க வேண்டும். ஓர் ஆள் உள்ள இடத்துக்கும் பாதுகாப்புச் சட்டம் செல்ல வேண்டும்.

2. மாநில சர்க்கார் அரசு ஐ.டி.ஐ.களின் மூலம் சிறு கடைகளின் டாங்கிகளை இலவசமாகத் தண்ணீர்ச் சோதனை செய்து முத்திரை இட வேண்டும். தேறாத டாங்கியை மாற்ற மானியம் கொடுக்க வேண்டும்.

3. துறைமுகங்களுக்குப் போகும் சாலைகளில் உள்ள ஒவ்வொரு லாரி டயர் கடைக்கும் கூண்டும், கவ்வும் முனையுடன் நீள ஹோஸும், துறைமுக நிர்வாகங்களும் போக்குவரத்துக் கம்பெனிகளும் தங்கள் செலவில் கொடுக்க வேண்டும்.

4. கன்டெய்னர் யார்டுகளிலும் கண்டிராக்ட் வேலைத்தலங்களிலும் தொழிலாளர் தேர்ந்தெடுத்த பாதுகாப்புக் கமிட்டி அமைய வேண்டும். அதில் கண்டிராக்ட் தொழிலாளிக்கும் இடம் வேண்டும்.

5. கிரைண்டிங், சிப்பிங், பிளாஸ்டிங் தொழிலாளருக்கு வருஷந்தோறும் நுரையீரல், காது, கை பரிசோதனை வேண்டும். 1982-ம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்த நல வாரியங்களின் மூலம் சிறு பட்டறைத் தொழிலாளருக்கும் இது கிடைக்க வேண்டும்.

6. விபத்து விசாரணையில் தொழிற்சங்கப் பிரதிநிதி இடம்பெற வேண்டும். டாங்கிச் சோதனைச் சீட்டு, வால்வு, கவசம், கூண்டு இவை இருந்தனவா என்று பார்க்காமல் “கவனக்குறைவு” என்று எழுதக் கூடாது.

இவற்றில் எதுவும் புரட்சிகரமான கோரிக்கை அல்ல. ஒரு வால்வு, ஒரு கூண்டு, ஒரு கண்ணாடி, வருஷத்துக்கு ஒரு சோதனை – இவ்வளவே. இதைக்கூட நாம் போராடித்தான் பெற வேண்டியிருக்கிறது என்பதே இந்தச் சமுதாய அமைப்பைப் பற்றி வேண்டிய அளவு சொல்லிவிடுகிறது.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள ஒவ்வொரு யூனியன் கிளையும் இந்த மாதமே தனது வட்டாரத்துப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் செல்லட்டும். எத்தனை டாங்கிகள், எத்தனை அடைத்த வால்வுகள், எத்தனை கவசமில்லாத மிஷின்கள் என்று கணக்கெடுக்கட்டும். கடைக்காரரையும் சேர்த்துக்கொண்டு பேசட்டும். சர்க்கார் எடுக்காத கணக்கைத் தொழிலாளி வர்க்கம் எடுத்து, துறைமுக வாயிலிலும் கோட்டை வாயிலிலும் வைக்கட்டும். நாலு பேர் கணக்கெடுக்கக் கிளம்பினாலே பல வால்வுகள் தாமாகத் திறந்துகொள்ளும்!